பிரஷ் போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி பாதத்தைத் திருப்பிப் பாருங்க



வழக்கமா நாங்க இங்க பூசை நேரம், அன்னதான உபயம், துப்புரவுப் பணி பத்தித்தான் போடுவோம். இன்னிக்கு விஷயம் வேற. கொஞ்சம் நீளம்தான். ஆனா வீட்டுல வயசானவங்க, இனிப்பு நீர் உள்ளவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. படிக்க முடியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

கொஞ்ச மாசமா நம்ம சுங்கை ஆயர் தாவார், சபாக், சுங்கை பெசார் பக்கமெல்லாம் ஒரு வீடியோ சுத்துது. குளிக்கிறதுக்கு முன்னாடி, தண்ணி படாத உடம்புல, காஞ்ச பிரஷ்ஷால காலுல இருந்து நெஞ்சு வரைக்கும் தேய்க்கணுமாம். தேய்ச்சா உடம்புல உள்ள நச்சு எல்லாம் வெளிய போயிடுமாம், கொழுப்பு கரையுமாம், ரத்த ஓட்டம் சீராகி இனிப்பு நீரும் இறங்குமாம். கடைசியில பிரஷ், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு செட், 80 வெள்ளிக்கு மேல.

இதை நம்ம கோயில் வாட்ஸ்அப் குரூப்ல முதல்ல போட்டது யாரு தெரியுமா? நாங்கதான். தொண்டர்கள்ல ஒருத்தர் போட்டார், மத்தவங்க எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினோம். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நல்ல விஷயம்தானே, நம்ம முன்னோர் சொன்னதுதானேன்னு நினைச்சோம். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் இந்தப் பதிவு.

ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு மண்டபத்தைக் கழுவும்போது தரையில சின்னச் சின்னதா ரத்தப் பொட்டு இருந்துச்சு. எங்க இருந்து வருதுன்னு பாத்துக்கிட்டே போனா, வாரா வாரம் நமக்குப் பூ கட்டித் தர்ற அம்மா உக்காந்திருந்த இடத்துல போய் நின்னுச்சு. அவங்களுக்கே தெரியல. குதிகால் தோல் பிளந்து, காசு அளவுக்குப் புண்ணு. வலிக்கலையாம்மான்னு கேட்டா, ஒண்ணும் தெரியலையேப்பான்னு சொன்னாங்க. பதினஞ்சு வருஷத்து இனிப்பு நீர். ரெண்டு வாரமா அந்தக் கடினமான பிரஷ்ஷால தினமும் குதிகாலைத் தேய்ச்சிருக்காங்க. ஏம்மான்னு கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் இன்னும் எங்க காதுலயே இருக்கு. "அம்மன் சன்னதிக்கு வர்ற காலு, வெடிப்பும் அழுக்குமா இருக்கக் கூடாதுன்னுதான்யா தேய்ச்சேன்."

கிளினிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்து ஆஸ்பத்திரி. விரலோ காலோ எடுக்க வேண்டி வரல, அம்மன் புண்ணியம். ஆனா ரெண்டு மாசத்துக்கு மேல புண்ணுக்குக் கட்டு மாத்திக்கிட்டு வீட்டோட கிடந்தாங்க. அந்த ரெண்டு மாசமும் கோயிலுக்குப் பூ கடையிலதான் வாங்கினோம்.

பிரஷ்ஷையே தூக்கிப் போடுங்கன்னு நாங்க சொல்ல வரல. எது உண்மை, எது வியாபாரம்னு பிரிச்சுப் பாக்கணும்னுதான் சொல்றோம். நாங்க டாக்டர் இல்ல. மிசிமாருங்க கிட்டயும் டாக்டர் கிட்டயும் கேட்டு, கொஞ்சம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறோம்.

முதல்ல உண்மையான பக்கம். நம்ம தோலோட மேல் அடுக்கு செத்த செல்லுங்களால ஆனது. ஒரு காகிதத்தை விட மெல்லிசு. கீழ இருந்து புதுசு வளர வளர மேல உள்ளது தானா உதிரும். வயசுல உள்ளவங்களுக்கு ஏறக்குறைய நாலு வாரத்துல ஒரு சுத்து முடியும். வயசாக ஆக அது மெதுவாகும். மெதுவா பிரஷ் போட்டா அந்தக் காஞ்ச செதில் சீக்கிரம் உதிரும், தோல் வழுவழுப்பா இருக்கும். தேய்ச்ச இடத்துல ரத்த ஓட்டம் கொஞ்ச நேரம் கூடுறதால சிவந்து, பளபளன்னு தெரியும். உடம்புக்குச் சுறுசுறுப்பாவும் இருக்கும். இவ்வளவும் உண்மை. பிரஷ்ல ஒட்டியிருக்கிற வெள்ளைத் தூளைக் காட்டி இதுதான் நச்சுன்னு சொல்றாங்களே, அது நச்சு இல்ல, செத்த தோல். நீங்க தேய்க்காட்டியும் பாய்லயும் போர்வையிலயும் உதிர்ந்துதான் இருக்கும்.

இப்ப பொய்யான பக்கம். உடம்புல உள்ள கழிவைப் பிரிச்சு வெளிய அனுப்புற வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். தோல் மேல பிரஷ் ஓட்டினா அந்த வேலை நடக்காது. நிணநீர்னு ஒண்ணு உடம்புல ஓடுது, அது நிஜம். ஆனா அதைத் தள்ளுறது முக்கியமா நம்ம தசை அசைவும் மூச்சும்தான். கோயிலை மூணு சுத்து சுத்தி வந்தா அதுக்கு நல்லது. தொடையில உள்ள கொழுப்புக் கட்டி கரையும்னு சொல்றதுக்கு நல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. கொஞ்ச நேரம் தோல் உப்பி இறுக்கமாத் தெரியும், அப்புறம் பழையபடி ஆயிடும். இனிப்பு நீர் இறங்கும்கிறது சுத்தப் பொய். அதை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்தினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

"இல்லைங்க, இது நம்ம ஆயுர்வேதத்துலயே இருக்கு"ன்னு சொல்றவங்க உண்டு. இருக்கு, மறுக்கல. வாக்படர் எழுதின அஷ்டாங்க ஹிருதயத்துல தினசரி ஒழுக்கம் பத்தின அத்தியாயத்துல உத்வர்த்தனம்னு ஒண்ணு சொல்லியிருக்கு. காஞ்ச மூலிகைப் பொடியால உடம்பைத் தேய்க்கிறது. பட்டுக் கையுறை போட்டுத் தேய்க்கிற கர்ஷணம்னும் ஒண்ணு இருக்கு. ஆனா அந்த அத்தியாயத்துல வரிசையைப் பாருங்க. முதல்ல எண்ணெய் தேய்ப்பு, அப்புறம் உடற்பயிற்சி, அப்புறம்தான் பொடித் தேய்ப்பு, கடைசியில குளியல். எண்ணெய் முன்னாடி வருது. அதோட வைத்தியர் ஆளைப் பாத்து, உடம்புவாகைப் பாத்துச் சொல்ற முறை அது. எல்லாருக்கும் ஒரே பிரஷ்னு அதுல எங்கயும் இல்ல.

உலகத்துல மத்த ஜனங்களும் தேய்ச்சிருக்காங்க. பழைய கிரேக்க மல்லர்கள் உடம்புல எண்ணெய் பூசி, வளைஞ்ச தகட்டால வழிச்சு எடுத்தாங்க. துருக்கிக் குளியலறையில ஆவியில உடம்பை ஊற வச்சு, சொரசொரப்பான கையுறையால தேய்ப்பாங்க. ஜப்பான்ல குளிர் காலத்துல காஞ்ச துண்டால உடம்பைத் தேய்க்கிற பழக்கம் உண்டு, அதுவும் துண்டுதான், முள்ளு மாதிரி பிரஷ் இல்ல. பெரும்பாலும் எண்ணெயோ ஆவியோ தண்ணியோ முன்னாடி வந்து தோலை இளக்கும். தொழிற்சாலையில வேலை செய்ற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: காஞ்ச ரெண்டு சாமான் ஒண்ணோட ஒண்ணு உரசினா ரெண்டுல ஒண்ணு தேயும். அதுக்குத்தான் கிரீஸ் போடுறோம். இங்க தேயுறது பிரஷ் இல்ல, நம்ம தோல்.

நம்ம தோட்டத்துப் பாட்டிமாருங்களுக்கு இது தெரிஞ்சிருந்துச்சு. லயத்து வீட்டுல சனிக்கிழமைன்னா நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பூசி, வெயில்ல உக்கார வைப்பாங்க. நாம அழுவோம், அது வேற விஷயம். அப்புறம் சீயக்காய், பயத்தமாவு. முதுகுக்குக் காஞ்ச பீர்க்கங்கூடு. குதிகாலுக்கு மட்டும் குளிக்கிற இடத்துல கிடக்கிற சொரசொரப்புக் கல். அதுவும் கால் தண்ணியில நல்லா ஊறின பிறகு. ஔவையார் ஆத்திசூடியில நீராடச் சொன்னதுக்கு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்னுதான் நமக்குப் பெரியவங்க அர்த்தம் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னிக்கு அது தீபாவளி காலையில ஒரு சொட்டு எண்ணெய் தலையில தொட்டு வைக்கிறதோட நின்னு போச்சு.

கோயில்ல நடக்கிறதையும் யோசிச்சுப் பாருங்க. அம்பாளுக்கு அபிஷேகம் நடக்கும்போது முன்னால நிக்கிறோம், ஆனா வரிசையைக் கவனிக்கிறோமா? முதல்ல எண்ணெய்க் காப்பு. அடுத்து அரிசி மாவு, மஞ்சள் பொடி. அந்த மாவு எண்ணெயை இழுத்துக்கிட்டு வந்திடும். அதுக்கப்புறம் பால், தயிர், இளநீர், சந்தனம். குருக்கள் உள்ளங்கையாலதான் தடவுவார். கருங்கல் விக்கிரகத்தையே யாரும் காஞ்ச பிரஷ் போட்டுத் தேய்க்கிறது இல்ல. கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி நாம வரிசையில நின்னு சாமிக்கு எண்ணெய் சாத்தும்போது எவ்வளவு பயபக்தியா விரல் நுனியால தொடுறோம்! கல்லுக்கே அந்த மரியாதை குடுக்கிறோம். நம்ம வீட்டுக் கிழவியோட காலுக்கு அதுல பாதி குடுத்தாப் போதும்.

நம்ம முறைங்கிறதால அதுல குறையே இல்லன்னும் சொல்ல மாட்டோம். எண்ணெய்க் குளியலும் நச்சு எதையும் எடுக்காது. தோலுக்கு ஈரப்பதம், உடம்புக்கு ஒரு சுகம், வீட்டுல ஒருத்தர் கை இன்னொருத்தர் தலையில படுற பாசம். அவ்வளவுதான், அதுவே பெரிசு. ஆனா எண்ணெய் வழிஞ்ச குளியலறைத் தரையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைச்சுக்கிட்ட பெரியவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அதனால வயசானவங்களுக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சுத்தான் குளிப்பாட்டணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றோம். இனிப்பு நீர்.

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஏறக்குறைய 6 பேர்ல ஒருத்தர். அதுல 5 பேருக்கு 2 பேர், தனக்கு இருக்குன்னே தெரியாம நடமாடுறாங்க. இனவாரியாப் பாத்தா நம்ம இந்தியர்கள் மத்தியிலதான் இது ரொம்ப அதிகம். நம்ம அன்னதானப் பந்தியில ஒரு வரிசையில உக்காந்திருக்கிறவங்களை எண்ணிப் பாத்துக்கோங்க.

சர்க்கரை பல வருஷம் கூடுதலா இருந்தா கால் நரம்பு மரத்துப் போகும். முள்ளு குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. கூடவே காலுக்குப் போற ரத்தமும் குறையும். வேர்வை குறைஞ்சு தோல் காஞ்சு வெடிக்கும். காஞ்சிருக்கேன்னு தேய்க்கத் தோணும். தேய்ச்சா வலிக்காது, அதனால நிறுத்தத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்ல கிருமி போகும். ரத்தம் சரியா வராததால ஆறாது. பூ கட்டுற அம்மாவுக்கு நடந்தது இதுதான். வலின்னு ஒண்ணை ஆண்டவன் நமக்குக் காவலாக் குடுத்திருக்கான். இவங்களுக்கு அந்தக் காவல்காரன் தூங்கிட்டான். அதனால கண்ணுதான் காவல் காக்கணும்.

இனிப்பு நீர் உள்ளவங்க செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. தினமும் ராத்திரி ரெண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்க. குனிய முடியாட்டி தரையில கண்ணாடி வச்சுப் பாருங்க, இல்ல பேரப் பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்க.

2. வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க. சூட்டை முழங்கையால தொட்டுப் பாக்கணும், காலால பாக்கக் கூடாது.

3. விரல் இடுக்கெல்லாம் துணியால ஒத்தி ஈரம் எடுங்க. பாதத்துல கிரீமோ எண்ணெயோ பூசலாம், விரல் இடுக்குல மட்டும் பூச வேண்டாம்.

4. பிரஷ், கல், பிளேடு எதுவும் வேண்டாம். கால் ஆணி, காய்ப்பை நீங்களா வெட்டாதீங்க. நகத்தை நேரா வெட்டுங்க.

5. சப்பாத்து, சிலிப்பர் போடுறதுக்கு முன்னாடி உள்ள கல்லு, முள்ளு கிடக்கான்னு கையை விட்டுப் பாருங்க.

6. கிளினிக்ல மருந்து எடுக்கப் போறப்ப காலையும் பாக்கச் சொல்லிக் கேளுங்க. ஒரு மெல்லிய நைலான் இழையால பாதத்துல தொட்டு, உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க. வலி இல்ல, சில நிமிஷ வேலை.

7. சின்னப் புண்ணா இருந்தாலும் அன்னிக்கே காட்டுங்க. மஞ்சளை வச்சுக் கட்டிட்டு ஒரு வாரம் பாப்போம்னு இருக்காதீங்க.

மத்தவங்களுக்குப் பிரஷ் பிடிச்சிருந்தா தாராளமாப் போடுங்க. மெதுவான பிரஷ்ஷா வாங்குங்க. வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை, சில நிமிஷம், அழுத்தாம, காலுல இருந்து மேல் நோக்கி. முகத்துல வேண்டாம். புண்ணு, மச்சம், புடைச்ச நரம்பு, வெயில்ல கருகின இடம், இப்பதான் சவரம் பண்ணின இடம் இதுலயெல்லாம் படக் கூடாது. கரப்பான், சொரியாசிஸ் உள்ளவங்களும், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்களும் டாக்டரைக் கேக்காம தொட வேண்டாம். குளிச்சதும் ஈரம் காயுறதுக்குள்ள தேங்காய் எண்ணெயோ கிரீமோ பூசுங்க. ஒருத்தர் பிரஷ்ஷை இன்னொருத்தர் போடக் கூடாது, படர்தாமரை அப்படித்தான் வீடு முழுக்கப் பரவும். நம்ம ஊர் ஈரக் காத்துல பிரஷ்ஷும் பீர்க்கங்கூடும் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். வெயில்ல காய வைங்க, பீர்க்கங்கூட்டை மாசம் ஒருக்கா மாத்துங்க.

இப்ப கோயில் விஷயம். அடுத்த திருவிழாவுல இந்த செட்டை விக்க ஒரு மேசை போட இடம் கேட்டிருக்காங்க. விக்கிறதுல ஒரு பங்கு அன்னதானத்துக்குத் தர்றேன்னு சொல்றாங்க. கூட்டத்துல ரெண்டு விதமாப் பேச்சு வந்துச்சு. அரிசி விலை தெரியும், எண்ணெய் விலை தெரியும், வர்ற பணத்தை ஏன் விடணும்னு கேக்கிறவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல. அவங்களும் இந்தக் கோயிலுக்காகத்தான் பேசுறாங்க. ஆனா தொண்டர்கள் எங்க கருத்து, வேண்டாம்.

காரணம் ஒண்ணு, சட்டம். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், புற்றுநோய் போல ஒரு பட்டியல்ல உள்ள நோய்களைக் குணப்படுத்தும்னு பொதுமக்களுக்கு விளம்பரம் பண்ணக் கூடாது. அந்த வீடியோவுல சொல்றதை நம்ம மண்டபத்துல மைக்ல சொன்னா நாமளும் அதுக்குத் துணை போனவங்க ஆவோம்.

காரணம் ரெண்டு, அதை விடப் பெரிசு. பாசார் மாலாம்ல ஒருத்தன் வித்தா ஜனங்க நாலு கேள்வி கேப்பாங்க, விலை பேசுவாங்க. கோயில்ல வித்தா கேக்க மாட்டாங்க. கோயில்ல தர்றது எதுவா இருந்தாலும் நம்ம ஜனங்களுக்கு அது பிரசாதம். அந்த நம்பிக்கையை நாங்க சம்பாதிக்கல, நம்ம முன்னோர் பால்மரக் காட்டுல கொட்டகை போட்டு, கல்லை நட்டுக் கும்பிட்ட காலத்துல இருந்து சேர்ந்து வந்த சொத்து. மேசை வாடகைக்கு அதை விக்க எங்களுக்கு உரிமை இல்ல.

அதுக்குப் பதிலா மூணு காரியம் செய்யலாம்னு நிர்வாகத்துகிட்ட கேட்டிருக்கோம். ஒண்ணு, மத்தியான வெயில்ல பிரகாரத் தரை கொதிக்கும். மரத்துப் போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சுத்தி வர்ற பாதையில ஈரச் சாக்கோ கம்பளமோ விரிக்கணும், முடிஞ்சா மேல கூடாரத் துணி கட்டணும். டாக்டர் சொன்னா சுத்தமான காலுறை போட்டுக்கிட்டு வரலாம்னு அறிவிப்புப் பலகை வைக்கணும். அம்மன் காலுறையைப் பாக்க மாட்டா. ரெண்டு, தீமிதி, காவடி வேண்டுதல்காரங்க பேர் குடுக்கும்போதே இனிப்பு நீர் உண்டான்னு கேட்டு, டாக்டர் கிட்ட காலைக் காட்டிட்டு வரச் சொல்லணும். வேண்டுதலைத் தடுக்க இல்ல. அப்படி முடியாதவங்களுக்கு வேற நேர்த்திக்கடன் குருக்கள் சொல்லுவார். மூணு, மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பந்திக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கி, பெரியவங்க பாதத்தை நாங்க பாக்குறோம். புண்ணு இருந்தா கிளினிக்குக் கூட்டிட்டுப் போறோம். காரும் பெட்ரோலும் எங்க பொறுப்பு.

பெரியவங்க காலைத் தொட்டுக் கும்பிடுறவங்கதானே நாம? தொடும்போது கொஞ்சம் பாத்துட்டும் எழுந்திரிப்போம்.

பூ கட்டுற அம்மா போன வெள்ளிக்கிழமை திரும்ப வந்துட்டாங்க. காலுக்கு மெத்தை வச்ச சிலிப்பர், தனி நாற்காலி. மல்லிகையைத் தொடுத்துக்கிட்டே, "பிரஷ்ஷை என்னய்யா பண்றது, 80 வெள்ளியாச்சே"ன்னு கேட்டாங்க. குத்துவிளக்கு துலக்க வச்சுக்கலாம்மான்னு சொன்னோம். சிரிச்சாங்க. இப்ப அது நம்ம கோயில் பின்கட்டுல, விளக்குத் துலக்குற இடத்துல தொங்குது. வந்தா பாருங்க.

இதைப் படிச்சவங்க இன்னிக்கு ராத்திரி வீட்டுல ஒருத்தர் பாதத்தையாவது திருப்பிப் பாருங்க. அதுதான் நாங்க கேக்கிற உபயம்.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி.

இப்படிக்கு,
கோயில் தொண்டர்கள்,
சுங்கை ஆயர் தாவார்